மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் ஓட்டியவளுக்கு

நேற்று அலமாரியை ஒழித்தபோது அந்த வெள்ளை சுவிட்ச் கையில் கிடைத்தது. வீட்டில் லைட் போடுகிற அதே சாதாரண சுவிட்ச்தான். ஒரு ஓரம் மட்டும் பழுப்பேறி, உருகி, உருகிய வாக்கிலேயே இறுகிப் போயிருக்கிறது. பின்பக்கம் இரண்டு வயர்கள் விரல் நீளத்துக்குத் தொங்குகின்றன. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். லேசாகக் கருகல் வாசனை. இத்தனை நாளாகியும் போகவில்லை.

"என்னடி அது, குப்பைய மோந்து பாத்துக்கிட்டு?" என்று கேட்டார் அம்மா.

"கார் சுவிட்சும்மா."

"காரா? நமக்கு ஏதுடி காரு?"

நியாயமான கேள்விதான். உன் அப்பாவின் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் இருந்தது இது. கழற்றிய அன்றைக்கு நீ இதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "இந்தா, எங்க வண்டிக்கு இருந்த வியாதி. இனி ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றாய்.

உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. செல்போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் விரல் நின்றது. போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். உன் நம்பரை நான் அழிக்கவில்லை. அழைத்தால் வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து அழைப்பதும் இல்லை.

நமக்குள் எல்லாமே எழுத்தில்தானே ஆரம்பித்தது. எழுதியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்போது சைக்கிளுக்கு மேல் வண்டி கிடையாது என்பது உனக்குத் தெரியும். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பஸ்ஸில் போய் வருவார். ஆனாலும் எனக்குக் கார் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வந்ததும் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. மற்றவர்கள் ரிசல்ட் பார்க்க வருவார்கள்; நான் பானெட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்க்க வருவேன். அப்படித்தான் அந்தக் கார் ரசிகர்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்துக்குள் நுழைந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிச் சண்டை போடுகிற கூட்டம். என் பெயர் அங்கே 'அஞ்சாங்கியர்'. உன் பெயர் 'கெட்டில்'.

நீ போட்ட முதல் கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வண்டி ஓடும்போது நல்லா இருக்கு. நின்னா கொதிக்குது. ஏன்?"

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ரேடியேட்டர் அடைப்பு என்றார் ஒருவர். தண்ணீர் பம்ப் போய்விட்டது என்றார் இன்னொருவர். இன்ஜினையே இறக்கு என்று ஒரு மகான் எழுதினார். எனக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே கை பரபரத்தது. ஓடுகிற காருக்குக் காற்று தானாக முகத்தில் வந்து மோதும், ரேடியேட்டரில் இருக்கும் சுடுதண்ணீரை அதுவே ஆற்றிவிடும். நிற்கிற காருக்குத்தான் காற்றை இழுத்துக் கொடுக்க ஒரு ஃபேன் வேண்டும். நின்றால் மட்டும் கொதிக்கிறது என்றால் குற்றவாளி வேறு யார்?

"ஃபேனப் பாரு ப்ரோ" என்று எழுதினேன்.

"ஃபேன் ஓடுது ப்ரோ. சுவிட்ச் போட்டா ஓடுது."

"சுவிட்சா? யாரு போடுவா?"

"எங்கப்பா."

நான் உட்கார்ந்திருந்த தடுப்புக்குள் தனியாகச் சிரித்ததில் சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டேன். மதுரை என்றாய். மதுரையில் எங்கிட்டு என்றேன். மஹாலுக்குப் பின்னால் என்றாய். நான் திருப்பரங்குன்றம்! உலகம் முழுக்கத் தேடி, ஒரே டவுன் பஸ்ஸில் வந்துவிடும் தூரத்தில் ஒரு 'ப்ரோ' கிடைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மஹால் வாசலில் சந்திப்பு. நான் ஒரு பையனைத் தேடிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நீலச் சுடிதாரில் ஒரு பெண், ஹெல்மெட்டோடு நின்ற ஒரு பையனிடம் போய், "நீங்கதான் அஞ்சாங்கியரா?" என்று கேட்டாள். அவன் முழித்த முழி இருக்கிறதே! நான் பின்னாலிருந்து, "ஏ புள்ள, நாந்தான் அஞ்சாங்கியர்" என்றேன். நீ திரும்பி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாய்.

"வண்டி எங்க?"

"பஸ்ல வந்தேன்."

"வண்டியே இல்லாத அஞ்சாங்கியரா! நல்லாத்தான் வந்து மாட்டுனேன்."

அன்றைக்கே உங்கள் சந்துக்கு அழைத்துப் போனாய். சாயம் போட்ட நூல்கள் கொடியில் ஈரமாகத் தொங்க, அதற்குக் கீழே அந்தச் சின்ன வெள்ளைக் கார் நின்றது. உன் அப்பா நூல் வியாபாரி. வீட்டில் நீங்கள் பேசும் சௌராஷ்டிரம் எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் நடுநடுவே 'ரேடியேட்டர்', 'மெக்கானிக்' என்று வரும். அதை வைத்தே என்ன சண்டை என்று கண்டுபிடித்துவிடுவேன். நான் இருக்கும்போது மட்டும் உன் அப்பா உன்னைத் தமிழில் திட்டுவார். எனக்கும் புரிய வேண்டுமாம்.

காரின் கதையை நீ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாய். கம்பெனி போட்டபடி ஃபேன் தானாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் செருகியிருந்த சூட்டு சுவிட்ச் ஒருநாள் செத்துப்போனது. நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் உங்கள் மெக்கானிக் அண்ணனும் செய்தார். அந்த சுவிட்சையே தூக்கிப் போட்டுவிட்டு, சாவி போட்டால் ஃபேனும் ஓடுகிற மாதிரி 'டைரக்ட்' கொடுத்துவிட்டார். ஃபேன் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது, பேட்டரியும் இறங்கியது. உன் அப்பா போய்ச் சண்டை போட, அண்ணன் இந்த வெள்ளை சுவிட்சை மாட்டி, "வேணுங்கறப்ப போடுங்க, வேணாங்கறப்ப அணைங்க. வீட்டு ஃபேன் மாதிரி" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டு ஃபேன் என்றால் நமக்கு வியர்க்கும், போடுவோம். இன்ஜினுக்கு வியர்த்தால் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தால்தான் தெரியும். உன் அப்பாவுக்கோ காரில் ஏறினால் பேச்சு. பேச்சு வந்தால் சுவிட்ச் மறந்துபோகும். சோழவந்தான் வரைக்கும் ரோட்டில் ஜம்மென்று போவாராம். ரயில்வே கேட் போட்டிருந்தால் அங்கே ஆவி. மாசி வீதியில் மாட்டிக்கொண்டால் ஆவி. நீ கெட்டில் என்று பெயர் வைத்துக்கொண்டது தப்பே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார் பெரிய வாடகைக் கார் பிடிப்பதாக இருந்தார்கள். நீ குறுக்கே விழுந்தாய். நம் வண்டியில்தான் அண்ணன் போக வேண்டும், ஓட்டுவது நான்தான் என்றாய். லைசென்ஸ் அப்போதுதான் வாங்கியிருந்தாய், அட்டையின் மினுமினுப்புகூடப் போகவில்லை. சொந்தக்காரப் பெரிசுகள் சிரித்தன. பொண்ணு ஓட்டுற வண்டியில் மாப்பிள்ளையா? உன் அண்ணன் மட்டும், "எந்தங்கச்சி ஓட்டுனா ஏறுவேன். இல்லேன்னா நடந்தே வாரேன்" என்றார். எனக்கு அவரை அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

உன் அப்பா எனக்கும் புரியட்டும் என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார். "சரி, ஓட்டு. ஆனா ஊர்வலத்துல ஒரு தடவ ஆவி வந்துச்சு, அம்புட்டுத்தான். அம்புட்டு சனம் பாக்க என் மானம் போகும். மறுநாளே புரோக்கரக் கூப்ட்டு வண்டியத் தள்ளி விட்டுருவேன். நீயும் அதுக்கப்புறம் ஸ்டியரிங்ல கைய வைக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாய், யோசிக்கவே இல்லை.

வெளியே வந்ததும் நான் உன்னைத் திட்டினேன். "கிறுக்கி, ஊர்வலம்னா என்னன்னு தெரியுமா? மனுசன் நடக்குற வேகம். காத்தே இருக்காது. வேற எந்த வண்டிக்கும் வராத சோதனை அது."

நீ காரின் கூரையைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "எனக்கு ஓட்டணும்டி. உக்காந்து போறதுக்கா நான் பொறந்தேன்?"

இதை நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அன்றைக்குச் சொன்னதுதான் காதில் இருக்கிறது.

அடுத்து நாம் மெக்கானிக் அண்ணனிடம் போனோம். பழையபடி சூட்டு சுவிட்சும் ரிலேயும் போட்டுத் தாருங்கள் என்றோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "பாப்பா, எதுக்கு வம்பு? டைரக்டாவே விட்டுருவம். அன்னைக்கி ஒரு நா பூரா ஓடட்டுமே" என்றார். அன்றைக்கு ஒருநாள் சரி, மறுநாள் யார் சுவிட்ச் போடுவது என்று நீ கேட்டாய். "ஒங்கப்பாதான்" என்றார். "அதான் அண்ணே பிரச்சினையே" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழைய சாமான் கடைகளில் அலைந்து, திருகாணி மாதிரி ஒரு பித்தளைச் சாமானை வாங்கி வந்து கொடுத்தார். "வேலை செய்யுதான்னு மட்டும் நீங்க பாத்துட்டு வாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து கண்ணக் கசக்கக் கூடாது."

எப்படிப் பார்ப்பது? நான் மன்றத்தில் படித்திருந்தேன். உங்கள் அடுப்படிதான் நம் ஆராய்ச்சிக்கூடம். உன் அண்ணனின் ஸ்கூட்டர் பேட்டரி, இண்டிகேட்டரில் பிடுங்கிய ஒரு பல்ப், நடுவில் அந்தப் பித்தளை சுவிட்ச். சுவிட்சின் மூக்கு மட்டும் நனையும்படி தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தோம். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு உங்கள் மொழியில் கத்தியதும் நான் நடுங்கிப்போனேன்.

"என்ன சொல்றாங்க?"

"அது பால் காய்ச்சுற குண்டாவாம்."

தண்ணீர் சுட ஆரம்பித்தது. பல்ப் எரியவில்லை. பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. எரியவில்லை. நீ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாய். குமிழ்கள் மேலே ஏறத் தொடங்கிய நேரம், யாரும் தொடாமல், பல்ப் பளிச்சென்று எரிந்தது. நாம் இருவரும் கத்திய கத்தில் பக்கத்து வீட்டில் தறி நின்றுவிட்டது!

அடுப்பை அணைத்தோம். தண்ணீர் ஆறத் தொடங்கியது, பல்ப் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. எரிய ஆரம்பித்த சூட்டுக்கு இறங்கியும் அணையவில்லை. இன்னும் கொஞ்சம் ஆறிய பிறகுதான் அணைந்தது. நீ கெட்டுப்போய்விட்டதோ என்று பார்த்தாய். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்படித்தான் இருக்க வேண்டும்! எரிகிற சூடும் அணைகிற சூடும் ஒன்றாக இருந்தால் ஃபேன் நொடிக்கு ஒருதரம் போட்டு போட்டு அணையும், காண்டாக்ட் கருகிவிடும். அதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவில் இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புரியுது. எங்கப்பா கோவம் மாதிரி. ஏறுன எடத்துல எறங்காது, ரொம்பத் தள்ளித்தான் எறங்கும்" என்றாய்.

இன்றைக்கு வரை யாருக்கும் இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் அண்ணன் எல்லாவற்றையும் மாட்டினார். இந்த வெள்ளை சுவிட்ச் ஏன் கருகியது என்பதையும் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஃபேன் குடிக்கிற கரண்ட் முழுவதும் இந்தப் பொடிசு வழியாகப் போயிருக்கிறது, பாவம். இப்போது அப்படி இல்லை. பித்தளை சுவிட்ச் கொஞ்சூண்டு கரண்டை ரிலேவுக்கு அனுப்பும். ரிலே 'டக்' என்று கையைத் தூக்கி, பேட்டரியிலிருந்து பெரிய கரண்டை ஃபேனுக்கு விடும். சின்னவர் சொல்ல, பெரியவர் செய்வார். சந்தில் காரை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, சாயத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் பக்கத்தில் நாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். திறந்த கதவு வழியே பார்க்கப் பார்க்க முள் மெல்ல ஏறி நடுவுக்கு வந்தது. டக். ஃபேன் சுற்றியது. முள் இறங்கியது. ஃபேன் நின்றது. நீ என் கன்னத்தைக் கிள்ளினாய், கிரீஸ் கையோடு.

உன் அப்பாதான் பாவம், அதற்கப்புறமும் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு இல்லாத சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

அழைப்பு நாள் மத்தியானம் கார் பூ அலங்காரத்துக்குப் போனது. சாயந்தரம் திரும்பி வந்தபோது சந்தே வாயைப் பிளந்தது. பானெட் முழுக்கச் செவ்வந்தி, ஓரமெல்லாம் மல்லிகைச் சரம், முன்பக்கம் பந்து பந்தாக மாலை, நடுவில் ரோஜாவால் பிள்ளையார் சுழி. "முன்னாடி ஒரு இரும்பு கூட கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னீகள்ல, தங்கச்சி. தெரியுதா பாருங்க" என்றார் பூக்காரர் பெருமையாக. நீதான் அப்படிச் சொல்லியிருந்தாய். வாடகைக் கார் எதுவும் நம் வண்டி பக்கத்தில் நிற்கக் கூடாது என்று உனக்கு ஆசை. நானும் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தேன். கார் என்றால் உயிரை விடுகிற இரண்டு பேர், ஒருவர் மூளையிலும் உறைக்கவில்லை.

பிள்ளையார் கோயில் வாசலில் ஊர்வலம் புறப்பட்டது. வெயில் சாய்ந்தும் தரை கொதித்தது. நீ பட்டுப்புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாய். பக்கத்து சீட்டில் நான். என் வேலை முள்ளைப் பார்ப்பது. பின்னால் பட்டு வேட்டியும் மாலையுமாக உன் அண்ணன், அவரைச் சுற்றி மடியிலும் காலடியிலும் உங்கள் வீட்டு வாண்டுகள். முன்னே பேண்டு வாத்தியம். அதற்கும் முன்னே உன் அப்பா. பத்தடிக்கு ஒருதரம் அவர் திரும்பிப் பார்ப்பார். மகனையோ மகளையோ பார்க்க மாட்டார், பானெட்டைத்தான் பார்ப்பார்.

பாதி வழி தாண்டியதும் முள் நடுவை விட்டு மேலே போனது.

"ஏறுதுடி" என்றேன்.

"ஃபேன் ஓடுதா?"

பேண்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. முள் இன்னும் ஏறியது. உன் மேலுதட்டில் வியர்வை நின்றது. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் முள் வந்தபோது நீ திடீரென்று ஹீட்டர் குமிழை முழுதாகத் திருகினாய். மதுரையில் சித்திரை மாதத்தில் கார் ஹீட்டர்! இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் இன்னும் சற்று நேரம் தாங்கும் என்று மன்றத்தில் நாம் படித்ததுதான். அனல் குபுகுபுவென்று வந்தது.

பின்னாலிருந்து உன் அண்ணன் அலறினார். "அடியே! என்னடி இது, சூளைக்குள்ள உக்கார வச்ச மாதிரி இருக்கு!"

"அண்ணே, சிரிச்ச மூஞ்சியா இருண்ணே. வீடியோ எடுக்குறாங்க."

"பவுடரு பூரா வழியுதுடி!"

"கல்யாணம் ஆனா இதவிடச் சுடும். பழகிக்கண்ணே" என்றாய். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "எறங்கிப் பாருடி. எனக்குப் பிரேக்ல இருந்து கால எடுக்க முடியாது" என்றாய்.

நடக்கிற வேகம்தானே. கதவைத் திறந்து இறங்கி முன்னால் ஓடினேன். குனிந்து பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்பக்கத்துச் செவ்வந்தி மாலைகள் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன, யாரோ உள்ளேயிருந்து மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது! சுவிட்ச் தன் வேலையைச் செய்தது, ரிலே செய்தது, ஃபேன் உயிரைக் கொடுத்து இழுத்தது. இழுக்கத்தான் காற்று இல்லை. நாம் ஆசை ஆசையாக அதன் வாயைப் பூவால் அடைத்திருந்தோம்.

உன் ஜன்னலுக்கு ஓடி வந்து சொன்னேன். "ஃபேன் ஓடுது. பூவப் பிச்சு எறியணும்."

பக்கத்தில் தாம்பாளத்தோடு நடந்த உன் பெரியம்மா காதில் அது விழுந்துவிட்டது. "என்னது, மாப்ள கார்ல பூவப் பிக்கிறதா? புள்ளைக்கி ஆகாதுடி! யாருடி நீ, வாயக் கழுவு!"

நான் அப்படியே நின்றேன். பிய்த்தால் அபசகுனம். விட்டால் ஆவி. ஆவி வந்தால் மறுநாள் புரோக்கர் வருவார். உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஒரு கணம் கண்ணை மூடினாய். திறந்தபோது உன் முகமே வேறாக இருந்தது. வண்டியை நிறுத்தி, பின்சீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாய்.

"டேய் வாண்டுகளா! அம்புட்டுப் பேரும் எறங்குங்க. வண்டிக்கு முன்னாடி இருக்குற பூவ எடுத்து மாப்ள மேல தூவணும். நெறையாத் தூவுனவங்களுக்கு ஐஸ்கிரீம்!"

பெரியம்மாவுக்கு வாய் திறக்க வழியே இல்லை. மாப்பிள்ளை மேல் பூத் தூவுவது எப்படி அபசகுனம் ஆகும்? வாண்டுகள் ஓடிவந்து அள்ளின. நானும் அள்ளினேன். செவ்வந்தி இதழ் பேண்டுக்காரர் தொப்பியில் விழுந்தது, உன் அண்ணனின் வழிந்த பவுடரில் ஒட்டியது. சனம் இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்துக் கை தட்டியது. முன்பக்கத்து இரும்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

உன் அப்பா வேகமாக வந்தார். என்னை விலக்கிவிட்டுக் குனிந்தார். மிச்சமிருந்த பூவுக்கு நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இழுக்குது" என்றார்.

"ஆமா அங்கிள். ஃபேன் ஓடுது."

"யாரு போட்டா?"

"யாரும் போடல அங்கிள். அதுவா போட்டுக்கிச்சு."

அவர் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தார். நீ நேராக ரோட்டைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தாய். அவர் கொத்தாக இரண்டு கை பூவைப் பிய்த்து உன் அண்ணன் தலையில் கொட்டினார். அப்புறம் இன்னொரு கொத்தைப் பிய்த்து, ஓட்டுநர் ஜன்னல் வழியாக உன் தலையில் கொட்டினார்.

முள் இறங்கியது. மண்டப வாசலில் நீ இன்ஜினை நிறுத்தியபோது ஆவி இல்லை, சத்தம் இல்லை. பெண் வீட்டார் யாரோ "டிரைவர் யாரு, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டதற்கு உன் அப்பா, "எம்பொண்ணு. வண்டியும் எங்களதுதான்" என்றார், தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி. மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் நீ அவரிடம் போய், "புரோக்கர் எப்பப்பா வாராரு?" என்று கேட்டாய்.

"எந்தப் புரோக்கரு?" என்றார்.

அதற்கப்புறம் நமக்குக் கிடைத்த காலம் கொஞ்சம்தான் என்று தெரிந்திருந்தால் நான் படிப்பு, பரீட்சை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டிருக்க மாட்டேன். சொந்தக்காரர் கல்யாணம் எது வந்தாலும் நீதான் மாப்பிள்ளை கார் டிரைவர். வாடிப்பட்டிக்கு ஓட்டினாய். சோழவந்தானுக்கு ஓட்டி, திரும்பும்போது பின்சீட் முழுக்க வெற்றிலை வாசனையோடு வந்தாய். எங்கே போனாலும் பூக்காரரிடம், "அண்ணே, வண்டிக்கு வாய் விடுங்க" என்பாய். வாய் விடுவது என்றால் முன்பக்கம் ஒரு முழம் பூ இல்லாமல் விடுவது. சந்திலிருக்கும் பூக்காரர்கள் எல்லாரும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்களாம்: "வாய் விடணுமா?"

புது வண்டிகளில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது என்று மன்றத்தில் பேசுவோமே. கொஞ்சம் சூடானால் மெதுவாக, ரொம்பச் சூடானால் வேகமாக என்று ஃபேனுக்கு இரண்டு வேகம். ஏ.சி. போட்டால் சூடாகும் முன்னாலேயே ஓட ஆரம்பிக்கும். சூட்டைச் சொல்லும் சென்சார் வயர் அறுந்துவிட்டால், தெரியாத நிலையில் எதற்கு வம்பு என்று கம்ப்யூட்டர் ஃபேனை ஓடவிட்டுவிடும். "தெரியலேன்னா ஓடிக்கிட்டே இருக்குது பாரு. அது அறிவு" என்றாய் நீ. அப்படி ஒரு வண்டி வாங்கி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ராமேசுவரம் வரைக்கும் ஓட்டுவதாக இருந்தாய்.

காய்ச்சல் என்று சொன்னார்கள். நானும் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் அம்மா நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். உன் கை என் கையைச் சுட்டது. "ஒண்ணுமில்லடி, ரிலே போயிருச்சு" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நாம் இருவரும் நினைத்திருந்தோம்.

கார் உங்கள் சந்தில்தான் இருக்கிறது. உன் அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டு வந்த ஒருவரிடம், "அது எம்பொண்ணு வண்டி" என்று மட்டும் சொன்னாராம். மன்றத்தில் உன் பெயருக்குக் கீழே கடைசியாக நீ எழுதியது அப்படியே நிற்கிறது. யாரோ ஒரு புதுப் பையனுக்குப் பதில். "ஃபேன் ஓடினா மட்டும் போதாது ப்ரோ, காத்துக்கு வழி இருக்கான்னு பாரு." அவன் நன்றி ப்ரோ என்று எழுதியிருக்கிறான். உன்னை இன்னமும் ப்ரோ என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு பழக்கம். போன முகூர்த்தத்தன்று திருப்பரங்குன்றம் கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாப்பிள்ளை கார் ஊர்ந்து வந்தது. முன்பக்கம் முழுக்கப் பூ, ஒரு இரும்பும் தெரியவில்லை. என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நேரே காருக்கு முன்னால் போய் நின்றேன். பூவை இரண்டு பக்கமும் விலக்கி, ஒரு முழம் வாய் விட்டேன். உள்ளே இழுக்கிற காற்று விரலில் பட்டது. அப்புறம் ஒரு பிடி செவ்வந்தியை எடுத்து மாப்பிள்ளை மேல் தூவினேன், யாரும் திட்டிவிடக் கூடாதே.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யாரும்மா நீ? பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"டிரைவர் வீடுண்ணே" என்றேன்.